மழித்த முகத்து ராஜாவின் ஒன்பது ரூபாய்

பேய் பிடிக்க வேண்டுமென்றால் யாராவது செத்திருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. என்னைப் பிடித்திருக்கிறவளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் பட்டப்பகலில், ஜவ்வாது மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஜீப் நிற்கிற இடத்தில், புளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. எனக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. கண்ணமங்கலத்தில் என் சின்னக் கடைக்குக் கொலுசு மாற்ற வருகிற பெண்கள் கண்ணாடிப் பெட்டிமேல் கையை வைக்கும்போது நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வலது மணிக்கட்டைப் பார்க்கிறேன். அது நேராக இருந்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசியில் நான் செங்கத்தில் ஒரு வெள்ளிக் கடையில் மாற்றுப் பார்க்கிறவனாக இருந்தேன். மாற்று என்றால் வெள்ளியின் தரம். ஒரு பொருளில் எத்தனை பங்கு வெள்ளி, எத்தனை பங்கு செம்பு என்று சொல்வது என் வேலை. உரைகல், திராவகச் சீசா, உப்புத் தண்ணீர், மரப்பெட்டிக்குள் மடித்து வைக்கிற சின்னத் தராசு, இவ்வளவுதான் சாமான். வேலையில் நான் கெட்டிக்காரன். அதை நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் கோளாறு.

அந்தச் சமயத்தில் வெள்ளி விலை கண்மண் தெரியாமல் ஏறியது. முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. ஜவ்வாது மலையில் வீட்டுக்கு வீடு பழைய வெள்ளி ரூபாய் இருக்கிறது, போய் வாங்கிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார். வாரம் ஒருநாள் பஸ் பிடித்து, அப்புறம் ஜீப்பில் பதினெட்டுப் பேரில் ஒருவனாக இடித்துக்கொண்டு மேலே போவேன்.

வெள்ளைக்காரன் காலத்து ரூபாயைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ராணி தலை போட்ட ரூபாய், தாடி ராஜா தலை போட்ட ரூபாய், கடைசியாக வந்த மழித்த முகத்து ராஜாவின் ரூபாய் எல்லாமே ஒரே எடை. ஒவ்வொன்றும் ஒரு தோலா. முதலில் வந்தவற்றில் பன்னிரண்டு பங்குக்குப் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்து வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஆனதும் சர்க்கார் கமுக்கமாகப் பாதி வெள்ளியை எடுத்துவிட்டுச் செம்பு, நிக்கல், துத்தநாகம் போட்டு அடித்தது. எடையில் மட்டும் கை வைக்கவில்லை. தராசுக்கு வித்தியாசம் தெரியாது. வியாபாரத்தில் அதற்கு அரைவெள்ளி என்று பெயர். மழித்த முகத்து ராஜா என்றால் அரைவெள்ளி, பாதி விலை. இதுதான் நான் மலையில் போய்ச் சொன்ன பாடம்.

மலைக்காரர்களுக்கு முதலில் இது விளங்கவில்லை. ஒரே எடை, ஒரே ரூபாய், அதில் எப்படிப் பாதி என்று கேட்டார்கள். அவர்களுடைய வழக்கமே எடையில் இருந்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்கு வெள்ளி ரூபாயாகப் பரிசம் கொடுப்பார்கள். நெல்லிவாசல்நாட்டில் இருபது ரூபாய். நாட்டாமை வீட்டில் ஒரு கருங்கல் இருந்தது, வழவழப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. அதன் எடை சரியாக இருபது ரூபாய். தட்டுத் தராசில் ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் ரூபாய். தேய்ந்த ரூபாய் வந்து தட்டு தூக்கினால் ஒரு கால் ரூபாயைப் போட்டுச் சமன் செய்வார்கள். பெண்ணுக்குப் புருஷனோடு ஒத்துவரவில்லை என்றால் அவள் அப்பா அதே கல்லுக்கு எதிரே இருபது ரூபாயைத் திருப்பி வைக்க வேண்டும். தட்டு நேராக நின்றால் அவள் விடுபட்டாள். சாட்சி, வக்கீல், கோர்ட்டு எதுவும் கிடையாது. கீழ்நாட்டில் நாங்கள் பத்து வருஷம் இழுக்கிற வழக்கை அவர்கள் ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடுவார்கள்.

கல்லை வெளியே எடுத்தால் பொழுது சாய்வதற்குள் எடை நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் பெண் திரும்பிப் போக வேண்டும், அடுத்த வருஷம் சாமை அறுப்பு முடிந்துதான் மறுபடி கல்லைத் தொடுவார்கள். இது மட்டும் கண்டிப்பு.

ஒரு மார்கழி மாதம் நான் மேலே போன அன்று, நாட்டாமை வீட்டுக் களத்தில் கூட்டம். அறுத்த சாமையை ஓரமாக ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, தாய்மாமன் ஒரு பக்கம். புருஷனும் அவன் அண்ணனும் எதிர்ப்பக்கம். பெண் நடுவில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றாள். அவளுடைய வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. உடைந்து, யாரும் வைத்தியம் பார்க்காமல், கோணலாகவே கூடிவிட்ட எலும்பு. எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை. களத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, புருஷன் உட்பட.

தனக்கு வந்த பரிச ரூபாயை அவள் அப்பா மகன் கல்யாணத்துக்கு எப்போதோ கொடுத்துவிட்டார். அதனால் இந்த இருபதும் சேர்த்த ரூபாய். பதினொன்று அங்கங்கே வாங்கியது. மீதி ஒன்பது தாய்மாமன் கொடுத்தது. தட்டில் வைத்தார்கள். தட்டு நேராக நின்றது. அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் பங்கு என்று நினைத்திருந்தேன்.

புருஷனின் அண்ணன் எழுந்தான். "எடை சரிதான். கல்லு பொய் சொல்லாது. வெள்ளி இன்னா வெள்ளின்னு யாருக்குத் தெரியும்? செங்கத்துக்காரரு இங்கதான கீறாரு. அவரு பாத்து சொல்லட்டும்."

அந்த ஊரில் அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. அந்தச் சந்தேகத்தை மலைக்குத் தூக்கிக்கொண்டு போனவனே நான்தான்.

நாட்டாமைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் பக்கம் திரும்பினார். "பாத்து சொல்லுங்க. பொறுமையா பாருங்க. ஒரு பொண்ணு விசயம்."

நான் பெட்டியைத் திறந்தேன். அத்தனை கண்ணும் என்மேல். கடையில் முதலாளி என்னை வாடா போடா என்பார், இங்கே ஒரு ஊரே வாயைப் பார்க்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். ரூபாய்களைத் தலைவாரியாகப் பிரித்தேன். ராணியும் தாடி ராஜாவும் பதினொன்று. மழித்த முகத்து ராஜா ஒன்பது, தாய்மாமன் கொடுத்த அதே ஒன்பது. பதினொன்றும் நல்லது என்று ஒதுக்கினேன். ஒன்பதில் ஒன்றை எடுத்து உரைகல்லில் இழைத்துத் திராவகம் விட்டேன். கோடு பச்சையாகப் பொங்கியது. உப்புத் தண்ணீர் விட்டால் நல்ல வெள்ளி தயிர் மாதிரி வெளுத்துத் திரளும், இது லேசாகக் கலங்கியதோடு சரி. இன்னொன்றை இழைத்தேன். அதுவும் அப்படியே.

"இந்த ஒம்போதும் அரைவெள்ளிங்க. கணக்குப்படி நாலரை ரூபா கொறையுது" என்றேன்.

சுவரோரமாக நின்றவள் பேசினாள். அவ்வளவு நேரத்தில் அவள் பேசியது அப்போதுதான். "ண்ணா, ரெண்டத்தான தேச்சீங்க? மிச்சம் ஏழையும் தேச்சிப் பாருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாதவள் சொல்லிக் கொடுப்பதா? "எல்லாத்துலயும் ஒரே ராஜாதாம்மா. ரெண்டத் தேச்சா ஒம்போதையும் தேச்ச மாதிரி" என்றேன். கீழே ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் சீசாவை மூடினேன்.

நாலரை ரூபாய் நல்ல வெள்ளிக்குத் தாய்மாமன் வீடு வீடாக ஓடினார். எங்கே கிடைக்கும்? மலையில் இருந்த நல்ல ரூபாயை எல்லாம் மூன்று மாதமாக வழித்துக் கீழே கொண்டுபோனவன் நான். அன்று காலையில் வாங்கிய பதினாறு ரூபாய் என் பையிலேயே இருந்தது. பெண்ணின் அப்பா அந்தப் பையை ஒருமுறை பார்த்தார். கடைச் சரக்கு என்று அவருக்கும் தெரியும், கேட்கவில்லை. நானும் பையை மடிக்கு மாற்றிக்கொண்டேன். பொழுது சாய்ந்து, ஜீப் ஒருவழியாகக் கிளம்பி முதல் வளைவில் திரும்பும்போது, அவள் புருஷன் வீட்டாருக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்து போவதைப் பார்த்தேன். உண்மையைத்தானே சொன்னோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒரு மாதிரிதான்.

ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் வேலூரில் ஒரு நூலகத்தில் பழைய நாணயங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. வடக்கே நார்வே என்ற தேசத்தில், தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு ராஜா வெள்ளிக் காசில் செம்பைக் கலந்துகொண்டே போனாராம். கடைசியில் மூன்றில் ஒரு பங்குகூட வெள்ளி இல்லை. ஊருக்குள் அது முழு வெள்ளிக் காசாகவே செல்ல வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பக்கத்து ஆட்கள் மடக்குத் தராசை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவார்களாம், காசைக் கத்தி முனையால் கொத்திப் பார்ப்பார்களாம், வளைத்துப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு காசிலும் நாலைந்து கொத்து இருக்கும் என்று படம் போட்டிருந்தது. நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஒவ்வொரு காசையும் கொத்தியிருக்கிறார்கள். ராஜா தலையைப் பார்த்து முடிவு கட்டவில்லை. நூலகர் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன். 

கதைக்கு வருகிறேன். களத்துப் பேச்சு நடந்து நாலு மாதம் இருக்கும், தாய்மாமன் அந்த ஒன்பது ரூபாயை, மேலே போன என்னிடமே விற்க வந்தார். "இந்த அரைவெள்ளிய வூட்ல வெச்சிகினு இன்னா பண்றது? பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது" என்றார். பாதி விலை கொடுத்தேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் செருகிக்கொண்டு போனார்.

கடைக்கு வந்து உருக்குவதற்குத் தரம் பிரிக்கும்போது ஒரு ரூபாயின் விளிம்பில் என் நகம் ஓடியது. அரைவெள்ளி ரூபாய்க்கு விளிம்பு வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளக் கோடு இருக்கும். கள்ளக் காசு அடிக்கிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்று யுத்த காலத்தில் சர்க்கார் சேர்த்த கோடு. நகத்துக்கு அது தட்டுப்படும். இந்த ரூபாயில் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் பிடித்து வருஷத்தைப் பார்த்தேன். 1938.

மழித்த முகத்து ராஜா யுத்தத்துக்கு முன்னாலேயே பட்டத்துக்கு வந்துவிட்டார். வெள்ளியைக் குறைப்பதற்கு முந்தைய வருஷத்து ரூபாயிலும் அவர் தலைதான் இருக்கும். அதில் வெள்ளி முழுசாக இருக்கும். இது எனக்குத் தெரியாததில்லை. தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்த சங்கதி. எங்கள் கைக்கு அந்த வருஷம் அவ்வளவாக வராததால் மறந்தே போயிருந்தேன். ஒன்பதையும் உரைத்தேன். ஏழு கோடுகள் தயிராக வெளுத்தன. அன்றைக்கு நான் எடுத்து இழைத்த இரண்டு மட்டும் அரைவெள்ளி. ஒன்பதில் அந்த இரண்டும் முதலில் என் கையில் ஏறியதை என்னவென்று சொல்வது?

அப்படியானால் களத்தில் குறைவாக இருந்தது நாலரை ரூபாய் இல்லை, ஒரே ஒரு ரூபாய். நாட்டாமை வீட்டிலேயே கொடுத்திருப்பார்கள்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். ஏழு நல்ல ரூபாய் பாதி விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்ததும் முகமெல்லாம் பல். "பரவாயில்லடா, பொழைக்கத் தெரிஞ்சவன்தான் நீ" என்று முதுகில் தட்டினார். தெரிந்தே ஏமாற்றினேன் என்று நினைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒன்பதும் வெள்ளி உருக்குகிற மூசைக்குள் போய் ஒரே கட்டியானது.

அந்த வாரம் முழுக்க அவள் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. மிச்சம் ஏழையும் தேச்சிப் பாருங்க. திராவகச் சீசாவைத் திறந்தால் கேட்டது, சாப்பிட உட்கார்ந்தால் கேட்டது. அடுத்த ஜீப்பில் ஏறும்போது எப்படியும் நாட்டாமையிடம் சொல்லிவிடுவது என்றுதான் ஏறினேன். இது சத்தியம்.

ஜீப்பை விட்டு இறங்கினால் எதிரே அவளே நிற்கிறாள். புளி மூட்டை ஏற்ற வந்திருந்தாள். கையில் புதிய காயம் ஒன்றுமில்லை. பேச வாயைத் திறந்தபோதுதான் பார்த்தேன், முன்பல் ஒன்று இல்லை.

"இன்னாண்ணா, ரூபா வாங்க வந்தீங்களா?" என்றாள். குத்தலாகக்கூடக் கேட்கவில்லை.

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். "அந்த ஒம்போதுல ஏழு நல்ல வெள்ளிம்மா. நீ சொன்ன மாதிரி தேச்சிருக்கணும். நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

அவள் மூட்டைமேல் இருந்த கையை எடுத்தாள். அப்புறம், "அப்ப எவ்ளோ கொறஞ்சிது?" என்றாள்.

"ஒரு ரூபா."

"ஒரு ரூபாயா?" என்றாள். திரும்ப ஒருமுறை, மெதுவாக, தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி, "ஒரு ரூபாயா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், முகம் தெளிந்துவிட்டது. "செரி, வாங்க. நாட்டாம வூட்லதான் கீறாரு. இப்பவே வந்து சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. தப்பு உங்களுதுன்னா வருசம் பாக்காம கல்ல எடுப்பாங்க."

அந்த நிமிஷத்தில்தான் என் மூளை கணக்குப் போட்டது. ரூபாயைக் காட்டு என்பார்கள். ரூபாய் உருகிப்போனது. எவ்வளவுக்கு வாங்கினாய் என்பார்கள். பாதி விலைக்கு வாங்கினேன். கூட்டத்தில் அரைவெள்ளி என்று சொல்லிவிட்டு அதையே பாதி விலைக்கு வாங்கினவன் என்றால் என்ன அர்த்தம்? முதலாளிக்கே நான் ஏமாற்றினேன் என்றுதான் தோன்றியது, மலைக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? தாய்மாமன் அரிவாளோடு வருவார். அப்புறம் மலையில் எவனும் எனக்கு ஒரு மெட்டியைக்கூட நீட்ட மாட்டான். கெட்டிக்காரன் என்ற பேர் போய்விடும். என் பயம் அவ்வளவுதான். அவளுக்குப் பல் போயிருந்தது, நான் என் பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வெறுங்கையோட போனா நல்லா இருக்காதும்மா" என்றேன். "அடுத்த வாரம் ஏழு நல்ல ரூபா கொண்டாந்து உங்க மாமன் கையில குடுத்துட்டு, அதோட சபையில சொல்றேன்."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. "அடுத்த வாரம் நான் இங்கயே வந்து நிக்கறேன். போய்ட்டு வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினாள். கோணல் கையால் ஒரு பக்கம் பிடிக்க முடியவில்லை, நான்தான் தூக்கிவிட்டேன். அன்று ஒரு ரூபாய்கூட வாங்காமல் அதே ஜீப்பில் இறங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் சொன்னேன். அதற்கடுத்த வாரம், மலை ஏறினால் முதுகு வலிக்கிறது, வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். அவர் வேறு ஆளை அனுப்பினார்.

ஜீப்காரர் செங்கத்துக்குச் சாமான் எடுக்க வரும்போது கடைக்கு எதிரே டீ குடிப்பார். "இன்னாப்பா, மலப்பக்கமே காணோம்?" என்றார் ஒருநாள். "ஒரு பொண்ணு வாரா வாரம் ஜீப்பாண்ட வந்து நிக்குது. செங்கத்து அண்ணன் வந்தாரான்னு கேக்குது. இல்லன்னா போய்டுது." வருவேன் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் போய்ச் சொன்னார். மறுவாரமும் அவள் வந்து நின்றதாகச் சொன்னார். அதற்கும் மறுவாரம், மழையில் நனைந்துகொண்டு நின்றதாகச் சொன்னார்.

அதற்கடுத்த வாரம் அவர் வந்தார். டீ வாங்கினார், எதிரே என்னைப் பார்த்தார், வழக்கம்போலக் கையைத் தூக்கினார். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு நாலு எட்டு நடந்தால் போதும். நான் குனிந்து, தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஜீப் போகிறவரைக்கும்.